வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசுவது ஏன்?

நேற்றுவரை தெளிவாக இருந்த பாட்டி இன்று பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார், ராத்திரியெல்லாம் கத்துகிறார் என்றால் அது பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடம்பில் வந்த கோளாறால் மூளை திடீரென்று தடுமாறுவது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிய தூக்க மாத்திரை, ஏன், மலச்சிக்கல்கூடப் போதும். சென்னை மே மாத வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் வரலாம் (வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, கழிப்பறைக்கு அலையணுமே என்று வேறு குடிக்க மாட்டார்கள்). லோ வோல்டேஜில் டியூப் லைட் மினுக்குகிறதே, அது மாதிரி. கோளாறு விளக்கில் இல்லை, வரும் மின்சாரத்தில். தயவுசெய்து அதட்டாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், கிண்டியில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை 2024 முதல் இருக்கிறது. அப்புறம், பலர் இதை மறதி நோய் என்று விட்டுவிடுகிறார்கள்: அது மாதக்கணக்கில் மெல்ல வரும், இது ஓரிரு நாளில் வந்து, காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.