அலுமாரிக்குள் போன புத்தகங்கள்

கேள்வி: இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு பிரதேச சபை நூலகம். இரவல் பகுதியிலிருந்த சில மலையக நாவல்களும் கவிதை நூல்களும் அலுமாரிக்குள் பூட்டப்பட்டுவிட்டன. யாரோ முறைப்பாடு செய்தார்களாம். "மேலிடத்து உத்தரவு" என்கிறார் நூலகர். கடிதம் எதுவும் இல்லை. இதை எப்படி எதிர்ப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த உத்தரவை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நாளைக்கே மறுத்துவிடலாம். எழுதினால் யாராவது கையெழுத்திட்டாக வேண்டும். கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தை மட்டுப்படுத்துவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பு. தொலைபேசி அழைப்பு சட்டமாகாது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் கேட்டால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மூத்தவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

பலர் சறுக்குவது கேள்வியில்தான். "ஏன் தடை செய்தீர்கள்?" என்று கேட்டால் "தடை எதுவுமில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "மலையக நூல்கள்" என்று பொதுவாகக் கேட்டால் அப்படியொரு பட்டியல் இல்லை என்பார்கள். ஒவ்வொரு நூலின் பெயரையும் ஆசிரியரையும் எழுதி, அதன் சேர்வுப் பதிவேட்டு இலக்கம் (நூலகத்தில் நூல் சேர்ந்தபோது பதிந்த எண்), இப்போதைய நிலை (இரவலில், பழுது, தொலைந்தது, நூலக இருப்பிலிருந்து கழிக்கப்பட்டது), கழித்திருந்தால் அனுமதிக் கடிதத்தின் பிரதி, முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றைக் கேளுங்கள். யார் யார் இரவல் எடுத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பெயர்கள் வெளியே போனால் வாசிப்பவர்களுக்கே ஆபத்து.

நேரில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் (மேன்முறையீட்டைக் கேட்கச் சபையில் நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு, இரண்டு மாதத்துக்குள். திகதி தவறினால் நல்ல வழக்கும் படுத்துவிடும்.

நூலகரைக் குற்றவாளியாக்காதீர்கள். அஹ்னாப் ஜசீம் என்ற இளங்கவிஞர் 2020 மேயில் தன் கவிதை நூலை முன்வைத்துக் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். வழக்கிலிருந்து விடுதலை கிடைத்தது 2023இல். அந்தப் பயம் நூலகத்து மேசைக்கும் வரும். உங்கள் விண்ணப்பம், மேலிடத்திடம் எழுத்தில் கேட்பதற்கு நூலகருக்கும் ஒரு சாக்காகும்.

அடுத்தது வாசகர் வட்டத்தின் வேலை. ஒரு நாவலின் விலை ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும் ஊரில் அந்த நூலகத் தட்டை விட்டால் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. முறைப்பாட்டுக்கு ஒரு படிவம் வேண்டுமென்று சபையிடம் கேளுங்கள். முறையிடுபவர் நூலை முழுதாக வாசித்தாரா, எந்தப் பக்கம் அவருக்குச் சிக்கல் என்று அதில் எழுத வேண்டும். நூலகர், ஓர் ஆசிரியர், வாசகர் ஒருவர் என மூவர் வாசித்து, முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும். அதுவரை புத்தகம் தட்டிலேயே இருக்கும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் குழு கூடாமலே வருடம் ஓடிவிடும்.