அண்ணனின் பழைய அட்டையில் இருந்த சொல்

கேள்வி: என் அண்ணனுக்கு 42 வயது, டவுன் சிண்ட்ரோம். அவர் பிறந்தபோது கொடுத்த மருத்துவமனை அட்டை அம்மாவின் சேலைகளுக்கு அடியில் கிடைத்தது. அதில் ‘மங்கோலிசம்’ என்று எழுதியிருக்கிறது. அது வேறு நோயா? சில மாதங்களாக எந்நேரமும் தூங்குகிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை. “அவன் அப்படித்தான்” என்கிறார் அம்மா. தஞ்சோங் ரம்புத்தானில் விட்டுவிடச் சொல்கிறார் மாமா.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேறு நோய் இல்லை, அதே டவுன் சிண்ட்ரோம்தான். 1866-இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்து எழுதினார். மனிதர்களை இனவாரியாக மேல் கீழ் என்று அடுக்கிய காலம் அது. கண்ணின் அமைப்பைப் பார்த்து, இவர்கள் மங்கோலிய இனத்தின் சாயலில் பிறந்தவர்கள் என்று முடிவுகட்டிவிட்டார். 1959-இல்தான் பாரிஸில் லெஜூன் என்ற மருத்துவரின் குழு உண்மைக் காரணத்தை வெளியிட்டது: உயிரணுக்களில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் 21-ஆவது ஒன்று கூடுதல். 1965-இல் மங்கோலியா கேட்டுக்கொண்டதன் பேரில் உலகச் சுகாதார நிறுவனம் பழைய பெயரைக் கைவிட்டது. ஆனாலும் எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. உங்கள் வீட்டு அட்டையே சாட்சி.

பெயரோடு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1939-இல் நாஜி ஜெர்மனி இப்படிப்பட்ட குழந்தைகளைக் கொல்லவே தொடங்கியது. நம் வீடுகளில் கொல்லவில்லை, சரி. பின்கட்டு அறையில் வைத்தோம், ‘பூர்வஜென்மப் பாவம்’ என்றோம், பழியைப் பெற்றவள் தலையில் போட்டோம்.

அம்மா அந்த அட்டையை ஏன் ஒளித்தார் என்று எனக்குப் புரிகிறது. அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: பப்பாளி சாப்பிட்டதாலோ கிரகணத்தில் வெளியே போனதாலோ இது வரவில்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

மாமாவுக்கும் ஒரு வார்த்தை. தஞ்சோங் ரம்புத்தான் மனநோய்க்கான மருத்துவமனை. உங்கள் அண்ணனுக்கு இருப்பது மனநோய் அல்ல.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். “அவன் அப்படித்தான்” என்ற வார்த்தைதான் எனக்குக் கவலை தருகிறது. பல வருடங்களுக்கு முன் பினாங்கில் என்னிடம் ஒருவரை அழைத்து வந்தார்கள். ‘பிடிவாதம் கூடிவிட்டது, சொன்னால் கேட்பதில்லை’ என்றார்கள். அவரது இரண்டு காதிலும் குறும்பி கல்லாக இறுகிப்போயிருந்தது! சுத்தம் செய்ததும் கதவுப் பக்கம் திரும்பினார். வெளியே மின்விசிறி ஓடும் சத்தம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவதும், தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும், காது மந்தமாவதும், கண்புரையும் அதிகம். மனச்சோர்வும் வரலாம். நாற்பது தாண்டினால் மறதிநோய் சீக்கிரமே தொடங்கவும் வாய்ப்புண்டு. ஆனால் மற்றதையெல்லாம் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போகக் கூடாது. தைராய்டு குறைவு ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையால் சரிப்படும்.

இந்த வாரமே அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) அழைத்துப் போங்கள். தைராய்டு, காது, கண் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரவில் குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சு நிற்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இன்னும் எடுக்கவில்லை என்றால் சமூகநலத் துறையில் பதிந்துவிடுங்கள். அப்புறம், மருத்துவர் கேள்வி கேட்கும்போது முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். முதலில் அண்ணன் சொல்லட்டும், நேரமானாலும் பொறுத்திருங்கள்.