காலூன்றாத பூச்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார்டிஃபில் ஒரு வீடு பார்த்து எல்லாம் முடியும் நேரத்தில் சர்வே அறிக்கை வந்தது. தோட்டத்துப் பின்வேலி ஓரம், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, ஜப்பானிய முடிச்சுப்பூண்டு என்ற களை இருக்கிறதாம். மனைவி இந்த வீடு வேண்டவே வேண்டாம் என்கிறாள். வாங்கலாமா? உப்பும் வினிகரும் ஊற்றினால் போதும் என்று இணையத்தில் சொல்கிறார்கள், உண்மையா?

இன்னொன்று. ஒரு களைக்காக இத்தனை வருடம் ஆராய்ந்து ஜப்பானிலிருந்து பூச்சி கொண்டுவந்தார்களாம், அது காலூன்றவே இல்லையாம். நம் ஊரில் அந்தக் காலத்திலேயே சப்பாத்திக்கள்ளியைப் பூச்சி விட்டு ஒழித்ததாக நீங்கள் ஒரு பேச்சில் சொன்னீர்கள். அன்று முடிந்தது இவர்களுக்கு ஏன் முடியவில்லை? இதற்கெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உப்பு, வினிகரை விடுங்கள். இலை கருகும், மண் கெடும், கீழே இருப்பது சிரித்துக்கொண்டிருக்கும். ‘முடிச்சுப்பூண்டு’ம் வேண்டாம், ஏதோ வைத்தியர் கொடுக்கும் மருந்து மாதிரி இருக்கிறது. நாட்வீட் என்றே சொல்வோம்.

முன்பெல்லாம் 7 மீட்டருக்குள் இந்தச் செடி இருந்தாலே வீட்டுக்கடன் கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். 2018இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ஓர் ஆய்வு வந்தது. மண்ணுக்கடியில் ஓடும் அதன் வேர்த்தண்டு 4 மீட்டரைத் தாண்டிப் படர்வது அரிது, கட்டடத்தைக் கெடுப்பதில் சாதாரண மரங்களே இதைவிட மோசம் என்றது. 2022இல் சர்வேயர்களின் அமைப்பும் அந்த 7ஐ 3 ஆக்கிவிட்டது. மீதியை உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

நானும் ஸ்வான்ஸியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தவன். பின்பக்கம் ஆளுயரத்துக்கு நாட்வீட். ஒரு சனிக்கிழமை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வேர்த்தண்டு காரட் மாதிரி சடக்கென்று உடையும், உள்ளே ஆரஞ்சு நிறம். உடைத்தேன், உடைத்தேன், அப்படி ஒரு சந்தோஷம். தோண்டிய மண்ணைக் கொண்டுபோய் எதிர்மூலையில் கொட்டினேன். அடுத்த ஏப்ரலில் இரண்டு மூலைகளிலும் சிவப்புக் குருத்துகள் ஈட்டி ஈட்டியாகக் கிளம்பி நின்றன. பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஓ, இப்போது உன்னிடம் இரண்டு இருக்கிறதா?” என்றாள். ஒரு கிராம்கூட இல்லாத வேர்த்துண்டு போதும், முளைத்துவிடும் என்று பிறகுதான் படித்தேன். பிரிட்டனில் உள்ள ஜப்பானிய நாட்வீட் முழுவதும் ஒரே பெண்செடியின் துண்டுகள்தான் என்று லெஸ்டரில் மரபணு பார்த்துச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1847இல் உட்ரெக்டில் தங்கப் பதக்கம் வாங்கிய அழகுச்செடி இது. அதன் வாரிசைத்தான் நான் அன்று இரண்டாக்கினேன்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னைக் குத்திய வரிக்கு வருகிறேன். “இதற்கெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?”

அந்தப் பூச்சியின் பெயர் அஃபலாரா இதாதோரி. 2 மில்லிமீட்டர் இருக்கும், சாறு உறிஞ்சி வாழ்வது. 2010இல் இங்கிலாந்தில் அதை வெளியே விட அனுமதி கிடைத்தது. அதற்கு முன் 80க்கும் மேற்பட்ட செடிகளில் அதை வைத்துப் பார்த்தார்கள். இதைத் தின்னுமா, அதில் முட்டையிட்டால் குஞ்சு பிழைக்குமா என்று ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில். கடைசியில் விட்டார்கள். குளிர்காலத்தைத் தாண்டியவை சொற்பம். ஆமாம், காலூன்றவில்லை. அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அவர்களே எழுதினார்கள், அதனால் தெரிந்தது! முதலில் வந்தது ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் பிடித்த பூச்சி. பிறகு ஹொன்ஷு தீவின் முரகாமிப் பக்கம் போய் வேறொரு கூட்டத்தைப் பிடித்துவந்து மறுபடி ஆரம்பித்தார்கள். ஸ்வான்ஸி பல்கலைக்கழகத்தினர் மருந்தும் வெட்டும் மூடாக்குமாக 19 முறைகளை 3 வருடம் வயலில் போட்டுப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி நன்றாக அடக்குகிறது, ஆனால் 19இல் ஒன்றுகூட முற்றாக ஒழிக்கவில்லை. மூன்று வருடம் சேற்றில் நின்று ‘இல்லை’ என்று எழுதுவதற்கு என்ன மனசு வேண்டும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? அந்த ‘இல்லை’ அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் மண்வெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

சப்பாத்திக்கள்ளிக் கதையை நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன், தப்பு என்னுடையது. 1795இல் வங்காளத்துக்கு அந்தப் பூச்சி வந்தது சாயத்துக்காக. நல்ல சாயம் தரும் இனத்துக்குப் பதிலாகப் பிரேசிலிலிருந்து வேறு இனத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். சாயம் தேறவில்லை, ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்துத்தான் 1830களில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வேறு எதையெல்லாம் தின்னும் என்று சோதிக்கும் வழக்கமே அன்று கிடையாது. குருட்டு அதிர்ஷ்டம், எஸ்.

அதிர்ஷ்டம் எப்போதும் வாய்க்காது. ஆஸ்திரேலியாவில் கள்ளி கோடிக்கணக்கான ஏக்கரை விழுங்கியபோது அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து 1926இல் விட்டார்கள். கள்ளி சரிந்தது. குவீன்ஸ்லாந்தின் பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் பேரில் மண்டபமே கட்டினார்கள், இன்னும் நிற்கிறது. அதே பூச்சியை 1957இல் கரீபியன் தீவுகளில் விட்டார்கள். 1989இல் அது ஃபுளோரிடாவில் தென்பட்டது. அங்கே கள்ளி அந்த மண்ணின் செடி, பூச்சிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? தின்கிறது. 80 செடிகளில் வைத்துப் பார்த்தவர்களைக் கேலி செய்யும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோபமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. உங்கள் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது, இல்லையென்றால் இவ்வளவு நீளமாகத் திட்டியிருக்க மாட்டேன். வீட்டை வாங்கினால், விற்பவரிடம் பல வருட மருந்துத் திட்டமும் அதற்கான காப்புறுதியும் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் குருத்து வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான்தான் வாங்கச் சொன்னேன் என்று மட்டும் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்