தனித்தனியாக – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் கேன்டீனில் 2019 ஹைதராபாத் என்கவுன்ட்டர் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பெண்ணை வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்ற சம்பவம். நான் ஒருவன்தான் தப்பு என்றேன். “ஊரே சரின்னு சொல்லுது, உனக்கு மட்டும் என்ன?” என்றார்கள். பதில் வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அறிவியலில் அளந்து காட்டிவிடலாம். நீதியை எதை வைத்து அளப்பது? தத்துவவாதிகள் எல்லோருமே வெறும் பேச்சுக்காரர்கள், இரண்டாயிரம் வருடமாக ஒரு முடிவுக்கும் வரவில்லை. அப்படியானால் பெரும்பான்மை சொல்வதுதான் நீதியா? நல்ல வாழ்க்கை என்று ஒன்று உண்டா, அதுவும் ஆளுக்கு ஆள் மாறுவதுதானா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

கோபத்தைச் சோற்றில் காட்டக் கூடாது. முதலில் அதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். பத்துப் பேருக்கு நடுவில் ஒருவராக ‘தப்பு’ என்று சொல்லிவிட்டு, தொண்டை அடைத்துப்போய்த் தட்டோடு எழுந்த பிள்ளையை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் சாப்பிட்டிருக்க வேண்டும்.

நல்ல வாழ்க்கை பற்றிய கேள்வியை இப்போது தொடப்போவதில்லை, அது ஒரு கடிதத்தில் தீராது. பெரும்பான்மை சொல்வதுதான் நீதியா என்றால், இல்லை. நீங்களும் அதை நம்பவில்லை, நம்பியிருந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். என்னை உறுத்துவது வேறொன்று. ‘தத்துவவாதிகள் எல்லோருமே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘எல்லோருமே’. அவர்களில் எத்தனை பேரைப் படித்துவிட்டு அந்தச் சொல்லைப் போட்டீர்கள்? கேன்டீனில் உங்களை எழவைத்ததும் இதே சொல்தான். கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

கி.மு. 406, பழைய கிரேக்கம். லெஸ்பாஸ் தீவுக்கும் ஆசியக் கரைக்கும் நடுவே அர்கினுசே என்று சில குட்டித் தீவுகள். அங்கே ஏதென்ஸ் கடற்படை ஸ்பார்டாவைத் தோற்கடித்தது. ஜெயித்தாலும் 25 கப்பல்கள் போயின. ஒரு கப்பலில் ஏறக்குறைய 200 பேர். உடைந்த மரங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தவர்களை மீட்பதற்குள் புயல் வந்துவிட்டது. ஜெயித்துக்கொடுத்த தளபதிகள் மேலேயே வழக்கு வந்தது. எட்டுப் பேரில் இருவர் ஊர் திரும்பவில்லை. ஆறு பேர் வந்து நின்றார்கள்.

ஊர் மக்கள் கூடி வாக்களிக்கும் முதல் கூட்டத்தில் அவர்கள் நடந்ததைச் சொன்னார்கள், உடன் போன மாலுமிகளும் சாட்சி சொன்னார்கள். மக்கள் மனம் இளகிற்று. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தூக்கும் கைகள் கண்ணுக்குத் தெரியாது என்று கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் இருந்திருந்தால் அந்த ஆறு பேரும் பிழைத்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

நடுவில் பங்காளிகள் கூடும் அபட்டூரியா திருவிழா வந்தது. யார் வீட்டில் ஆள் இல்லை என்பது அப்போதுதானே உறைக்கும்? அடுத்த கூட்டத்துக்குக் கறுப்பு உடையும் மழித்த தலையுமாகப் பலர் வந்து நின்றார்கள். செத்தவர்களின் உறவினர்போல் நிற்கச் சொல்லி ஏற்பாடு செய்யப்பட்டவர்கள் அவர்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஸெனபோன் எழுதுகிறார். மாவுத் தொட்டியைப் பிடித்து மிதந்து தப்பித்தேன் என்றான் ஒருவன். அந்தச் சூட்டில் கல்லிக்ஸெனஸ் என்பவன் தீர்மானம் கொண்டுவந்தான்: எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு. தனித்தனியாக விசாரியுங்கள், அதுதான் சட்டம் என்று யூரிப்டொலமஸ் கெஞ்சினார். மக்கள் நினைத்ததைச் செய்யவிடாமல் தடுப்பதா என்று கூட்டம் கத்தியது. இதை வாக்கெடுப்புக்கு விடமாட்டோம் என்றிருந்த, கூட்டத்தை நடத்தும் தலைமைக் குழுவினரை, உங்களையும் அவர்களோடு சேர்த்துவிடுவோம் என்று மிரட்டியதும் பணிந்தார்கள். ஒருவர் பணியவில்லை. அன்று அந்தக் குழுவில் இருந்த சாக்ரடீஸ்.

கவனியுங்கள், அந்த இடத்தில் அவர் நீதிக்கு வரையறை சொல்லவில்லை. சட்டப்படி இல்லாத எதையும் செய்ய மாட்டேன் என்றார், அவ்வளவுதான். அதனால் எதுவும் நின்றுவிடவும் இல்லை. ஆறு பேரையும் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸின் மகன். கொஞ்ச காலத்திலேயே ஊர் வருந்தி, தங்களை ஏமாற்றியவர்கள் என்று கல்லிக்ஸெனஸ் உட்படச் சிலர்மேல் வழக்குப் போட்டது. ஏழு வருடம் கழித்து அதே ஊர் சாக்ரடீஸுக்கும் வாக்குப் போட்டே விஷம் கொடுத்தது. அந்த விசாரணையிலும் இந்தச் சம்பவத்தை அவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

நீதியை எதை வைத்து அளப்பது என்று கேட்டீர்கள். தம்பி, தினமும் அதைத்தானே கையில் வைத்திருக்கிறீர்கள்! ஒரு லாட்டில் நாலு பீஸ் அளவு தப்பினால் என்ன செய்வீர்கள்? மொத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ராப்பில் கொட்டுவீர்களா? உட்கார்ந்து ஒவ்வொரு பீஸாக கேஜ் வைத்துப் பார்ப்பீர்கள். இரும்புத் துண்டுக்கு இருக்கும் அந்த உரிமை மனிதனுக்கு இல்லையா? அறிவியல் ஒரு பக்கம், நீதி ஒரு பக்கம் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதாகத்தான் படுகிறது: எதிரில் இருக்கும் இந்த ஒன்றை, இதை மட்டும், பார்.

ஹைதராபாத்தில் அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. உங்கள் நண்பர்களின் கோபம் பொய்யில்லை. ஆனால் அந்த நால்வரும் வழக்கு விசாரணை நடக்கும் முன்பே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்றது. நால்வரில் மூவர் அப்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. போலீஸ் மேல் பூத்தூவியபோது நம்மில் யாருக்காவது அவர்கள் வயது தெரியுமா?

உங்கள் நண்பர்களைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 1986-இல் நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. கேன்டீன் கல்லாவில் 340 ரூபாய் குறைந்தது. அங்கே வேலை பார்த்தது மூன்று பையன்கள். ஊழியர் கூட்டம் போட்டோம். ரெக்கார்ட் பிரிவு அம்மா ஒருவர் எழுந்து, “ஒவ்வொருத்தனா கூப்பிட்டுக் கேளுங்க சார், அஞ்சு நிமிஷம் ஆகுமா?” என்றார். “மூணு பேரும் கூட்டுக் களவாணிங்கம்மா, உக்காருங்க” என்றார்கள். மூவரையும் நிறுத்திவிடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன்.

மூவரில் சின்னவன்தான் அந்தக் கூட்டத்துக்கே டீ கொண்டுவந்திருந்தான். பதினைந்து வயது இருக்கும். மணிக்கட்டில் பாய்லர் சுட்ட தழும்பு. காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவன், கைகளை எண்ண ஆரம்பித்ததும் அப்படியே நின்றுவிட்டான். கிளாஸ் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வந்துவிடாதபடி விரல்களை இடையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, எண்ணி முடிக்கும்வரை நின்றான். பணத்தை யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. எடுத்தவன் அவனாகவேகூட இருக்கலாம். நாங்கள் அவனிடம் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை அதே மேசைக்குப் போங்கள். சாக்ரடீஸ் எல்லாம் வேண்டாம். “அவங்களைத் தனித்தனியா யாராவது கேட்டாங்களா?” என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சிரித்தாலும் சரி, சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

அன்புடன்.