நாலு கட்டத்தை நம்பி பர்ஸ் யூனிட்டை மூடணுமா?

தம்பி, பேரணாம்பட்டுல ஷூ அப்பர் (ஷூவோட மேல்பாகம்) தைக்கிறீங்க, மிஞ்சின துண்டுத் தோல்ல பர்ஸும் தைக்கிறீங்க. ஆலோசகர் நாலு கட்டம் வரைஞ்சு, பர்ஸை ‘நாய்’ கட்டத்துல, அதாவது வளர்ச்சியும் பங்கும் கம்மியான தொழில்னு, தள்ளி மூடச் சொல்லிட்டார், அப்பா ஒத்துக்கலைன்னு எழுதியிருக்கீங்க. நான் அப்பா கட்சி.

அந்தக் கட்டம் யாருக்காகப் போட்டதுன்னு பாருங்க. 1960கள்ல அமெரிக்கப் பெரிய கம்பெனிகள் சம்பந்தமே இல்லாத தொழில்களை வாங்கிக் குவிச்சுது. எதுல பணம் போடுறது, எதைக் கைகழுவுறதுன்னு தலைமை ஆபீஸ் முழிச்சுது. எந்தெந்தத் தொழில்ல இருக்கணும்னு முடிவு பண்ற ‘கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி’ங்கிற பேச்சு சூடு பிடிச்சதே அப்பதான், மேனேஜ்மென்ட் அறிஞர் இகோர் அன்சாஃப் 1965ல அதே பேர்ல புத்தகமே போட்டார். 1963ல புரூஸ் ஹென்டர்சன் தொடங்கின பாஸ்டன் கன்சல்டிங் குரூப்ங்கிற ஆலோசனைக் கம்பெனி, 1970ல இந்தக் கட்டத்தைக் கொண்டுவந்துச்சு. ஒரு பக்கம் சந்தை வளர்ச்சி, இன்னொரு பக்கம் பெரிய போட்டியாளரோட ஒப்பிட்டா நம்ம பங்கு எவ்வளவுன்னு. நிறையத் தயாரிச்சுப் பழகினவனுக்கு அடக்கவிலை குறையும், அவன்கிட்டதான் காசு நிக்கும்னு உள்கணக்கு. ஒவ்வொரு தொழிலையும் தனித்தனியா வெட்டி எடுத்துடலாம்னும் ஒரு நினைப்பு.

உங்க பர்ஸை எங்க வெட்டுறது? தோலே அப்பர் வெட்டினதோட மிச்சம். ஷூ ஆர்டர் இல்லாத மாசம் தையல்காரங்க கை ஓடுறதும் அதுலதான். நம்ம பக்கம் பழகின கை ஒண்ணு போனா திரும்பப் பிடிக்கிறது என்ன பாடுன்னு அப்பாவுக்குத் தெரியும்.

ஆறு மாச பில்லை எடுத்து, பர்ஸ் வரவுல நூல், ஜிப், கூலி, கரண்ட் எல்லாம் கழிங்க. துண்டை அப்படியே கிலோவுக்குப் போட்டா வர்ற காசைவிட மீதி கம்மின்னா, மூடிடுங்க.