அட்டையில் ‘அனலாக்’, தட்டில் ‘பனீர்’: காட்பாடி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: காட்பாடியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். வடமாநில மாணவர்கள் நிறைய வருவதால் பனீர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. புதிதாக வரும் சப்ளையர் ஒருவர் கிலோ 190 ரூபாய்க்கு பனீர் தருகிறார். பெட்டியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ‘அனலாக்’ என்று போட்டிருக்கிறது. “செயற்கை உணவையெல்லாம் தடை பண்ணப் போறாங்க, வாங்கி அடுக்காதீங்க அண்ணி” என்கிறார் கொழுந்தனார். அவர்கள் வீட்டில், அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்தில், மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள். பிரியாணி சாப்பிட வரும் பிள்ளைகளோ மொபைலில் ஒரு வீடியோவைக் காட்டி, “ஆன்ட்டி, இது லேப்ல வளர்த்த சிக்கன் இல்லையே?” என்று கேட்கிறார்கள். எதைத்தான் தடை செய்யப் போகிறார்கள்? நான் எதை வாங்கலாம்? பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருள்கள் ‘செயற்கை’ என்ற ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஊர் முழுக்கப் பேசுவது ஒன்றைப் பற்றி, ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சி. அது உங்கள் கடைக்கு வரவே இல்லை. இரண்டாவது, பனீர் போலச் செய்த அந்த அனலாக், ஏற்கெனவே உங்கள் ஃப்ரிட்ஜ் வாசலில் நிற்கிறது. அதைப் பற்றிப் பேச ஆளில்லை. உணவு ஆய்வுக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதுதான் கவலை.

சிக்கனை முதலில் முடித்துவிடுகிறேன். கோழியிடமிருந்தோ மாட்டிடமிருந்தோ கொஞ்சம் செல்களை எடுத்து, குளுக்கோஸ், அமினோ அமிலம், உப்புகள், வளர்ச்சிப் புரதங்கள் கலந்த திரவத்தில், சூடு மாறாத எஃகுத் தொட்டிக்குள் பெருக்குவதுதான் ஆய்வக இறைச்சி. 2013-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்து மார்க் போஸ்ட் லண்டனில் காட்டிய முதல் பர்கருக்கு ஆன செலவு சுமார் இரண்டரை லட்சம் யூரோ. அதன்பின் செலவு வெகுவாகக் குறைந்தது உண்மை. 2020 டிசம்பரில் சிங்கப்பூரும் 2023 ஜூனில் அமெரிக்காவும் ஆய்வகக் கோழி இறைச்சியை விற்க அனுமதித்தன. ஆனாலும் பண்ணைக் கோழியின் விலைக்கு அது இன்னும் இறங்கவில்லை.

இங்கே ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசி வரை உதவும். கலப்படம் செய்கிறவன் விலை உயர்ந்ததில் மலிவானதைக் கலப்பான். மிளகில் பப்பாளி விதை போகும். பப்பாளி விதையில் யாரும் மிளகைக் கலக்க மாட்டார்கள். தெருமுனையில் கிடைக்கும் பிராய்லருக்குப் பதிலாக, அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து தருவித்த இறைச்சியை ஒருவர் தம் அண்டாவில் போடுவார் என்றால், அவருக்கு வியாபாரமே தெரியாது என்று அர்த்தம். அந்த வீடியோவை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம், கல்லாப்பெட்டிக் கணக்கிலேயே அது விழுந்துவிடும்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. நம் நாட்டில் ஏற்கெனவே தரம் வகுக்கப்படாத புதுவகை உணவு எதுவானாலும், 2017-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் பாதுகாப்பு ஆதாரங்களைக் கொடுத்து முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால் அதுவே குற்றம். ஆராய்ச்சி நடக்கிறது, கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024-ல் ஆய்வக மீன் இறைச்சிக்காக ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஆராய்ச்சிக்கும் உங்கள் தோசைக்கல்லுக்கும் நடுவே பெரிய கதவு ஒன்று பூட்டியே இருக்கிறது.

அப்படியானால் தடை, தடை என்று பேசுகிறார்களே, அது எங்கே? இத்தாலி 2023 நவம்பரில் சட்டம் போட்டது. மீறினால் 10,000 முதல் 60,000 யூரோ வரை அபராதம். அமெரிக்காவில் ஃபுளோரிடா, அலபாமா 2024-லும், டெக்சாஸ் 2025 செப்டம்பரிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கும் தடை செய்திருக்கின்றன. இதைத் தின்றால் இன்ன நோய் வரும் என்று நிரூபித்துவிட்டு அவர்கள் தடை போடவில்லை. மாடு வளர்ப்பவர்களின் பிழைப்பும் தங்கள் உணவு மரபும்தான் அங்கே முன்னால் நின்ற காரணங்கள்.

அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். விடியும் முன்பே கயிற்றைப் பிடித்து நிற்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு மாடு, மூன்று மாடுதான் மொத்தச் சொத்து. உங்கள் கொழுந்தனார் அந்த வரிசையில் இருக்கிறவர். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘தடை’ என்ற ஆயுதம் எதற்குச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவில், மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் பொதுமக்களின் உடல்நலத்துக்காக ஓர் உணவை அதிகபட்சம் ஓராண்டு தடை செய்யலாம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருந்ததால் தமிழ்நாடு தடை செய்தது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தது, அதில் வளரும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்காக. இரண்டிலும் ஆபத்து இன்னதென்று விரலால் தொட்டுக் காட்ட முடிந்தது. 2013 முதல் வருடாவருடம் புதுப்பித்த குட்கா தடையையே, இந்த அதிகாரம் அவசரத்துக்கானது, நிரந்தரத் தடைக்கல்ல என்று சொல்லி 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; பிறகுதான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. குட்காவுக்கே இந்த நிலை என்றால், ஒருவரின் பிழைப்பைக் காக்க இன்னொரு பொருளைத் தடை செய்ய இந்தப் பிரிவு தாங்காது.

எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. நம் பக்கத்து ஆம்பூரில் 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்து, அதில் மாட்டு பிரியாணிக்கு இடமில்லை என்று தகராறாகி, கடைசியில் மழையைக் காரணம் சொல்லித் தள்ளிவைத்தார்கள். எந்தத் தட்டு உள்ளே, எந்தத் தட்டு வெளியே என்று மேலிருந்து சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதை வடார்க்காட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆய்வக இறைச்சியை நான் சாப்பிட விரும்பவில்லை. ஆனாலும் அதைத் தடை செய்யச் சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்த்து, பெரிய எழுத்தில் பெயரைப் போட்டு விற்கட்டும், வேண்டியவர் வாங்கட்டும்.

இனி உங்கள் பனீர். ஒரு கிலோ பனீருக்குப் பசும்பால் என்றால் ஏறக்குறைய 6 லிட்டர் போகும். எருமைப்பால் என்றால் 5 லிட்டர். 2023 டிசம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35-லிருந்து 38 ரூபாயாக உயர்த்தியது. அந்த விலைக்கே கணக்குப் போடுங்கள்: 6 லிட்டர் 228 ரூபாய். கேஸ், கூலி, பேக்கிங், வண்டிச் செலவு, இரண்டு கை மாறும் லாபம் எதுவும் இன்னும் சேரவில்லை. தனியார் பால் விலை கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனாலும் 190 ரூபாய்க்கு வீடு வந்து இறங்குகிறது என்றால் அது முழுக்க மாட்டு மடியிலிருந்து வந்திருக்காது. கொழுப்பெடுத்த பாலில் செய்ததாயிருந்தால் விலை குறைய வழியுண்டு. ஆனால் அதையும் கொழுப்பு குறைந்த பனீர் என்று எழுதித்தான் விற்க வேண்டும்.

அனலாக் என்பது என்ன? பால் பவுடர், தண்ணீர், பால் கொழுப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் பாமாயில், சிலதில் ஸ்டார்ச், கட்டியாக நிற்க ஏதாவது ஒன்று. இது விஷம் இல்லை. இதைத் தயாரிப்பதும் உரிய பெயரோடு விற்பதும் சட்டப்படி சரி. அதனால் கொழுந்தனார் சொல்வதுபோல் நாளைக்கே தடை வந்து உங்கள் சரக்கைக் கொட்டச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பனீர் என்ற பெயருக்கு ஒரு தரம் உண்டு: ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஈரம் நீக்கிய எடையில் பாதியாவது பால் கொழுப்பாக இருக்க வேண்டும். பாமாயில் கட்டியை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

ஆகவே, அம்மா, குற்றம் பெட்டியில் இல்லை. அந்தப் பெட்டியைப் பிரித்துச் சமைத்து, உங்கள் மெனு போர்டில் ‘பனீர் பட்டர் மசாலா’ என்று எழுதுகிற நொடியில்தான் அது பிறக்கிறது. பெட்டி மேல் எழுதியிருந்ததை அந்த மாணவன் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்த அட்டை உங்கள் போர்டு மட்டும்தான். கேட்ட பொருளுக்குப் பதில் வேறொன்றைக் கொடுத்தால் சட்டத்தின் 50-வது பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பதிவுச் சான்று மட்டும் வைத்திருக்கும் சிறு வியாபாரிக்கு 25,000 வரை. பணத்தை விடுங்கள். ஊரை விட்டு வந்து, கறி தொடாமல், பனீரில்தான் புரதம் கிடைக்கிறது என்று நம்பி உங்களிடம் காசு கொடுத்துச் சாப்பிடுகிற பிள்ளை அவன். அவனுக்குப் பாமாயிலைக் கொடுத்துவிட்டுப் பால் என்று சொல்ல உங்களுக்கு மனசு வராது என்று நினைக்கிறேன். வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை: சமைக்காத துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, மருந்துக் கடை டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமானால் ஸ்டார்ச் இருக்கிறது. நீலமாகாவிட்டால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், பாமாயில் மட்டும் சேர்ந்ததை அயோடின் காட்டாது. கையில் நசுக்கிப் பார்ப்பது, கடித்துப் பார்ப்பது எல்லாம் அனுபவசாலியையே ஏமாற்றும். கொழுப்பைப் பிரித்தெடுத்து, பால் கொழுப்புக்கே உரிய பியூட்டிரிக் அமிலம் இருக்கிறதா, தாவரத்துக்கே உரிய ஸ்டெரால் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில்தான் உறுதியாகப் பார்க்க முடியும். இதற்கு அதிகாரி வந்து மாதிரி எடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 40-வது பிரிவின்படி வாங்குகிற யாரும், ‘இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்’ என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். தரம் தவறினால் கட்டணம் திரும்ப வரும். புது சப்ளையரிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், அவர் முகமே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

யாரிடம் வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பொருளின் பெயர் முழுதாக பில்லில் இருக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் அந்த பில்லே விற்றவர் கொடுத்த உத்தரவாதம். பின்னால் ஏதாவது கேள்வி வந்தால் உங்களைக் காக்கப்போவது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

என் மனசில் ரொம்ப நாளாக இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பாட்டிமார் காலத்தில் இதே சண்டை டால்டாவுக்கு, அதாவது வனஸ்பதிக்கு, நடந்தது. நெய்யைக் கெடுக்கிறது, தடை செய் என்ற குரல் நாடாளுமன்றம் வரை போனது. தடை வரவில்லை. வேறொன்று செய்தார்கள்: வனஸ்பதி தயாரிக்கும்போதே 5 சதவீதம் எள் எண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். நம்ம நல்லெண்ணெய் குடும்பம்தான். சந்தேகமான நெய்யை உருக்கி, அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், எள் எண்ணெய் இருந்தால் அடியில் அமிலம் செவசெவ என்று சிவக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சிவப்பை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொருளை ஒழிக்கவில்லை, அது பொய் பெயரில் ஒளிந்துகொள்ள முடியாதபடி உள்ளேயே அடையாளம் வைத்தார்கள். அனலாக் பனீருக்கும் இப்படி ஓர் அடையாளப் பொருளைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. அணைக்கட்டில் பால் கறக்கிறவருக்கு, இத்தாலி மாதிரி பெரிய தடைச் சட்டத்தைவிட இது பத்து மடங்கு பயன்படும். அவருடைய பாலின் இடத்தை இன்று பிடித்துக்கொண்டிருப்பது எஃகுத் தொட்டியில் வளர்ந்த கறி இல்லை, பால் வேஷம் போட்ட பாமாயில்.

அனலாக்கையே வாங்கத்தான் வேண்டுமென்றால் போர்டில் தமிழிலும் இங்கிலீஷிலும் ‘தாவரக் கொழுப்பு சேர்ந்த அனலாக், பால் பனீர் அல்ல’ என்று எழுதி, விலையையும் குறைத்து வையுங்கள். இரண்டும் வைத்திருந்தால் தனித்தனிப் பாத்திரம். சிக்கன் கேட்கிற பிள்ளையிடம் கறிக்கடை பில்லைக் காட்டி, “லேப் கறிக்கு நம்ம நாட்டில் அனுமதி இல்லப்பா, விலைக்கும் கட்டாது” என்று சொன்னால் போதும்.

அதைவிட நல்ல வழி உங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. சொசைட்டிக்கு ஊற்றும் விலையைவிட லிட்டருக்கு நாலு ரூபாய் கூடக் கொடுத்து, கொழுந்தனாரிடம் காலையில் 12 லிட்டர் வாங்குங்கள். காய்ச்சி, கொதி அடங்கியதும், வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். பச்சை கலந்த தெளிந்த நீர் பிரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், மேலும் விட்டால் பனீர் புளிக்கும். துணியில் கட்டி, மேலே பாரம் வைத்து, இருபது நிமிடம் கழித்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் ஏறக்குறைய இரண்டு கிலோ கிடைக்கும். பிரிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதிலேயே சப்பாத்தி மாவு பிசையலாம், மறுநாள் வரை மெத்தென்று இருக்கும்.