மாற்றுக் கல்லீரலும் வைரஸ் தொற்றும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பித்தநாளம் சரியாக உருவாகாத குறைக்காக, பதினொரு மாதமான எங்கள் மகனுக்கு என் மனைவியின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பொருத்தியிருக்கிறார்கள். ‘தாய்க்கு சி.எம்.வி. இருக்கிறது, குழந்தைக்கு இல்லை’ என்று சொல்லி வைரஸ் மருந்து கொடுக்கிறார்கள். அடிக்கடி ரத்தமும் எடுக்கிறார்கள். என் மனைவி நோய் எதுவும் இல்லாதவர். இதே சிகிச்சை செய்துகொண்ட என் பெரியப்பாவுக்கு இத்தனை பரிசோதனைகள் இல்லையே?

பதில்: உங்கள் மனைவி நோயாளி அல்லர். சைட்டோமெகலோ வைரஸ் என்னும் சி.எம்.வி. நம் நாட்டில் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இளவயதிலேயே, சாதாரணக் காய்ச்சலாகவோ எந்த அறிகுறியும் இன்றியோ வந்து, உடலுக்குள் ஆயுள் முழுவதும் அடங்கிக் கிடக்கும். உங்கள் பெரியப்பாவின் உடல் அதை முன்பே சந்தித்து எதிர்ப்பாற்றலைப் பெற்றிருக்கக்கூடும். கைக்குழந்தையோ அந்த வைரஸை முதன்முறையாகத் தாயின் கல்லீரலோடு சேர்த்தே பெறுகிறது. அதுவும், புதிய உறுப்பை உடல் நிராகரித்துவிடாதபடி டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளால் எதிர்ப்பாற்றலைத் தணித்திருக்கும் நேரத்தில். குழந்தைகளையும் பெரியவர்களையும் வேறுபடுத்துவது வயதைவிட இந்த முதல் சந்திப்புதான். வைரஸை முன்பு சந்தித்திராத பெரியவருக்கும் இதே ஆபத்து உண்டு.

இதற்கான வால்கான்சிக்ளோவிர் மருந்து வெள்ளையணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள்; வைரஸின் அளவை பி.சி.ஆர். பரிசோதனையால் கணக்கிடுகிறார்கள். மருந்தை நிறுத்திய பின் வரும் சில மாதங்களில் தொற்று தலைதூக்குவது உண்டு. ‘மருந்துதான் முடிந்துவிட்டதே’ என்று அப்போது பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எப்ஸ்டீன்-பார் என்னும் மற்றொரு வைரஸையும் கவனிக்க வேண்டும். குழந்தைகளைப் பொறுத்தவரை எனக்கு இதுவே கூடுதல் கவலை தருவது. இதைத் தடுக்க நம்பகமான மருந்தோ தடுப்பூசியோ இல்லை. எதிர்ப்பாற்றல் தணிந்த உடலில் இது நிணநீர்த் திசுக்களைக் கட்டுமீறி வளரச் செய்து, சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறலாம். கழுத்தில் கட்டி, டான்சில் வீங்கி இரவில் புதிதாகக் குறட்டை, விடாத வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் மாற்று சிகிச்சைக் குழுவிடம் உடனே காட்டுங்கள். அவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தின் அளவைக் குறைப்பது. அதை வீட்டில் நீங்களாகச் செய்தால் புதிய கல்லீரலை இழக்க நேரிடும்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். எரித்ரோமைசின் போன்ற சில சாதாரண மருந்துகளே டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

கேள்வி: ஹெபடைடிஸ் பி காரணமாகக் கல்லீரல் கெட்டு, மாற்றுக் கல்லீரல் பெற்றேன். பழைய கல்லீரலையே எடுத்துவிட்ட பிறகும் மாத்திரை எதற்கு?

பதில்: வைரஸ் கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை, எஞ்சியது புதிய கல்லீரலையும் பற்றிக்கொள்ளும். இந்த வைரஸை அடக்கும் என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகள் புழக்கத்துக்கு வருமுன் பலருக்கு அப்படித்தான் நோய் திரும்பியது. மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். ஹெபடைடிஸ் சி நோயாளிகளின் நிலை வேறு: சில மாத மாத்திரைகளில் பெரும்பாலோருக்கு அந்த வைரஸ் முற்றிலும் நீங்கிவிடும்.

கேள்வி: மாற்று சிகிச்சை பெற்ற பேத்தியின் வீட்டில் அவள் தம்பிக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கலாமா? அக்கம்பக்கத்தில் அம்மை போட்டால் என்ன செய்வது?

பதில்: சொட்டு மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ் மலத்தின் வழியே வெளியேறி அக்காளைத் தொற்றலாம், ஆகவே தம்பிக்குப் போலியோ ஊசியே போதும். முகாமுக்கு வரும் செவிலியரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளைத் தம்பிக்குத் தாராளமாகப் போடலாம். அது அக்காளுக்கும் பாதுகாப்பு. அவளுக்கோ உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசிகளைப் பொதுவாக மாற்று சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரங்கள் முன்னரே முடித்திருக்க வேண்டும். இனிப் போடுவதை அவளது மருத்துவர்கள்தாம் தீர்மானிக்க வேண்டும்.

சின்னம்மை கண்ட பிள்ளையோடு அவள் விளையாடியிருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். தடுப்புப் புரத ஊசியைத் தொடர்பு ஏற்பட்ட 10 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். கொப்புளமே வந்துவிட்டாலும், அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை மருந்தைத் தள்ளிப்போடும் வழக்கத்தை இந்தக் குழந்தையிடம் கடைப்பிடிக்க வேண்டாம். வேப்பிலை வாசலில் இருக்கட்டும். சின்னம்மை வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து அன்றைக்கே உடலுக்குள் போக வேண்டும்.